உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைங்கம்மா

ஓவேலிக்கு மேலே கரடிச்சோலை எஸ்டேட்டில், ஆளே இல்லாத ஏழாம் நம்பர் லயம், ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாயங்காலம் நாலே முக்காலுக்கு வாயைத் திறந்து பேசியது. சும்மா முணுமுணுக்கவில்லை. தெப்பக்காட்டு முகாமில் ஒரு யானை வாயருகே கொண்டுபோன ராகிக் கவளத்தைக் கீழே போட்டுவிட்டு மேற்கே காதைத் திருப்பியது. கிளென்மார்கனில் மலையிறங்குகிற ராட்சதக் குழாய்க்குள் தண்ணீர் பாதியில் நின்று, பேச்சை முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் கரண்டு எடுக்கக் கீழே போனது. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் அதிர்ச்சியில் விசிலை விழுங்கிவிட்டார். இன்றைக்கும் அவர் இருமினால் பஸ் நின்றுவிடுகிறது.

யானையையும் தண்ணீரையும் விசிலையும் வேண்டுமானால் தள்ளிவிடலாம், லயம் பேசியதைத் தள்ள முடியாது. அதையும் நம்பாத ஆள் எஸ்டேட்டில் ஒருவர் இருந்தார். ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் சில்வஸ்டர். சுடுதண்ணி சுடும் என்றால் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "லேசா சுடுதுங்க" என்பவர். காயத்தில் விரல் விட்டுப் பார்த்த அப்போஸ்தலரின் பெயரைச் சர்ச்சில் யாரோ அவருக்கு வைத்துவிட, தோமா என்பதே நிலைத்துவிட்டது.

அந்தச் சில்வஸ்டர் மேல் தெய்வம்மாவுக்கு இருந்த கோபத்தை அடுப்பில் வைத்திருந்தால் லயம் முழுவதற்கும் விறகு மிச்சம்.

ஏழாம் நம்பர் லயம் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய இருபத்திரண்டு காம்பரா. தெய்வம்மா எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். ஐம்பது வருஷம் ஆகியும் டீ அவளுக்குத் தேத்தண்ணிதான், மேனேஜர் துரைதான், அறை காம்பராதான், திண்ணை இஸ்தோப்புதான், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம் பெரட்டுதான். புருஷன் செல்லையா ஃபேக்டரியில் தூள் சலிக்கும் ரூமில் முப்பத்தோரு வருஷம் நின்றார். எஸ்டேட் தூளில் பாதி வெளியூர் போயிற்று, பாதி அவர் நெஞ்சுக்குள் போயிற்று. இப்போது ஒரு நாளைக்கு மூன்று தரம் மூக்கில் மூடி மாட்டி, மெஷினில் மருந்துப் புகை பிடித்தால்தான் அவருக்கு மூச்சு. மெஷின் ஓடக் கரண்டு வேண்டும்.

அந்தக் கரண்டைத்தான் சில்வஸ்டர் பிடுங்கினார்.

எஸ்டேட் ஆபீஸ் தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தது. ஏழாம் நம்பர் லயம் இடிந்து விழும் நிலையில் உள்ளது, குடியிருந்தோர் அனைவரும் தாமாகவே காலி செய்துவிட்டனர், தற்போது ஆள் எவரும் இல்லை. இடிந்து விழப்போகிற அதே லயத்துக்குச் சுண்ணாம்படித்து, பூத்தொட்டி வைத்து, டூரிஸ்ட் வந்து தங்குகிற மாதிரி வரைந்த படம் ஆபீஸ் சுவரில் தொங்குவதை, கூட்டிப் பெருக்க வந்த பெண்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம் காட்டவில்லை. கரண்டை எடுத்தால் தானாகப் போவார்கள் என்பது அசிஸ்டென்ட் மேனேஜரான சின்னத்துரை ரெனிஷின் கணக்கு.

சில்வஸ்டர் ஏணி சாத்திக் கம்பத்துப் பெட்டியைத் திறந்த நேரம், உள்ளே செல்லையா மெஷின் போட்டிருந்தார். மெஷின் 'உர்ர்' என்று இழுத்துச் செத்தது. தெய்வம்மா கொழுந்துக் கூடையோடு வெளியே வந்தாள்.

"சில்வஸ்டரு, என்னா பண்ற?"

"ஏனுங்க்கா, நான் என்ன பண்றதுங்க. சின்னத்துரை ஆர்டருங்க. லயத்துல ஆளில்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"ஆளில்லையா? அப்ப ஒங்கிட்ட பேசிக்கிட்டிருக்கிறது என்னா, கொரங்கா? உள்ள எட்டிப் பாரு. அந்த மனுசன் மூக்குல மாட்டியிருக்கிறது என்னா, மூக்குத்தியா?"

"நான் ஒண்ணும் பாக்கலீங்க."

"பாக்க மாட்ட. இருவது வருசமா இந்த இஸ்தோப்புல குந்தி எங்கையால தேத்தண்ணி குடிச்ச. ரொட்டி சுட்டா சம்பல் இன்னும் கொஞ்சம் வையிங்கன்னு கேட்டு வாங்கித் தின்ன. அதெல்லாம் யாரு வச்சது, ஆளில்லாத லயமா?"

சில்வஸ்டர் மூன்று ஃபியூஸ் கட்டையையும் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். உள்ளேயிருந்து செல்லையா மூச்சைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டே சொன்னார்: "விடு தெய்வம். எனக்கு மூச்சு வாங்குதுன்னு... தோமா இப்பயாச்சும் நம்பட்டும்."

அன்றிலிருந்து தெய்வம்மாவின் நாள் இப்படிப் போயிற்று. விடிந்ததும் பக்கத்துக் காம்பரா ராசு செல்லையாவை நாற்காலியோடு தூக்க, தெய்வம்மா மெஷினை மழைக்காகிதத்தில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு மைல் இறங்கி ரோட்டோரம் மூக்கம்மா டீக்கடை. அங்கே கரண்டு உண்டு. செல்லையாவை ஒரு மூலையில் உட்கார்த்திப் புகையைப் போட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓட்டம். பிறகு மலை. ஓவேலி ஆடி மழை மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கத்திலிருந்தும் பெய்யும், சில நாள் கீழேயிருந்தும் பெய்யும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் இன்னொரு தாள், விரலிடுக்கில் அட்டை. அந்த ஆடியில் அட்டைகளே தெய்வம்மாவின் ரத்தச் சூடு தாங்காமல் கடித்த மறு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனதாக லயத்தில் சொல்வார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி கடைக்கு. சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு மறுபடி. பிறகு மனுஷரையும் மெஷினையும் மேலே ஏற்ற வேண்டும்.

"மெதுவடை வாசத்தோட மருந்து புடிக்கிறேன். எந்த ஆஸ்பத்திரில இந்த வசதி இருக்கு?" என்பார் செல்லையா.

"வாயை மூடுங்க. சிரிச்சா மூச்சு வாங்கும்" என்பாள் தெய்வம்மா. அவர் சிரிக்காத நேரத்திலும் வாங்கியது. நாளுக்கு நாள் நாற்காலி லேசாகிக்கொண்டே வருகிறது என்று ராசு ஒரு காலையில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பன்னிரண்டாம் நாள், ஏற்றத்தில் பாதி வழியில் செல்லையாவின் உதடு நீலம் பாரித்தது. அவரை மடியில் போட்டுக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம், தெய்வம்மா யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் ராசு பயந்தான்.

மறுநாள் ரேடியோவில் ஒரு அறிவிப்பு.

'மேட்டுக்குரல்' என்று ஒரு சின்ன ரேடியோ நிலையம் உண்டு. மூன்று வருஷம் முன்பு அவர்கள் லயம் லயமாக வந்து, வீட்டுக்கொன்றாகப் பேட்டரி ரேடியோ கொடுத்தார்கள். ஆறு மணிக்கு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்வார்கள், கேட்டுவிட்டு வெளியே போகலாம். அதனால் அதற்கு யானை ரேடியோ என்றே பேர். ஞாயிறு சாயங்காலம் அதில் 'சொல்லுங்க கேக்கறோம்' என்று ஒரு பேச்சு. மாமியார் சண்டை, குடிகார மகன், பஸ் நிற்காத ஸ்டாப் என்று யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். இந்த ஞாயிறு கரடிச்சோலை எஸ்டேட் சின்னத்துரை நேரில் வந்து தொழிலாளர் நலன் பற்றிப் பேசுவார் என்றது ரேடியோ.

"நலனா?" என்றாள் தெய்வம்மா. "பேச்சி, ஒன் போனைக் குடு."

பின்பக்கக் காம்பரா பேச்சியம்மா போனைக் கொடுத்துவிட்டு லயம் முழுக்க ஓடிச் சொன்னாள்: "தெய்வம்மாக்கா ரேடியோவுல பேசப்போவுது. எல்லாரும் பேட்டரி மாத்தி, சத்தத்தை முழுசா வச்சு, வாசல்ல வையிங்க!" ரேடியோவுக்குப் போன் போட்டுப் பேசிய ஆள் அந்த லயத்தில் அதுவரை ஒருவரும் இல்லை. பேசும்போது பக்கத்தில் ரேடியோ ஓடக்கூடாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வாசலிலும் இருபத்திரண்டு ரேடியோ, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

லயத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், இஸ்தோப்புக் கோடியில், தண்ணித் தொட்டி ஓரம். தெய்வம்மா குடையைப் பிடித்து அங்கே நின்றாள். பின்பக்கக் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. காலையில் பூசைக்குப் போய்வந்த சில்வஸ்டர், மிச்சமிருக்கிற ஒயரையும் அறுத்து எடுக்கச் சின்னத்துரை சொன்னபடி, மேலே கட்டிங் பிளேயரோடு நின்றார். தெய்வம்மா பார்த்தாள். இப்போதைக்கு அவருக்குச் செலவழிக்க அவளிடம் வார்த்தை இல்லை.

ரேடியோவில் ரெனிஷின் குரல் பழம் நறுக்கின மாதிரி வந்துகொண்டிருந்தது. "ஏழாம் நம்பர் லயம் ரொம்பப் பழசுங்க. தொழிலாளர்களோட பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம். எல்லாரும் சந்தோஷமா காலி பண்ணிட்டாங்க. இப்ப அங்க ஒரு பூனைகூட இல்லீங்க."

"ரொம்ப நல்லதுங்க சார். ஒரு போன் வருதுங்க, எடுத்துக்கலாம்" என்றாள் நிகழ்ச்சி நடத்துகிற ஜெபிஷா. "வணக்கங்க, சொல்லுங்க கேக்கறோம். யாருங்க, எங்கிருந்து பேசறீங்க?"

"நான் தெய்வம்மா. ஏழாம் நம்பர் லயம்."

இருபத்திரண்டு வாசலிலிருந்தும் இருபத்திரண்டு தெய்வம்மா திருப்பிச் சொன்னார்கள். தெய்வம்மா... வம்மா... ம்மா... லயம்... யம்... அது மறுபடி போனுக்குள் போய், மறுபடி ரேடியோவில் வந்து, மலையில் மோதித் திரும்பி, ஊளையாக எழுந்தது.

"அம்மா, எக்கோ அடிக்குதுங்க. உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைங்கம்மா."

தெய்வம்மா காம்பரா பக்கம் திரும்பி, "ஏங்க, ரேடியோவ அமத்துங்க!" என்றாள். செல்லையா அமத்தினார். ஊளை நிற்கவில்லை.

"இன்னும் கேக்குதுங்கம்மா."

"இது என்னோடது இல்ல புள்ள. பேச்சியம்மா ரேடியோ."

"அவங்களையும் குறைக்கச் சொல்லுங்க."

"பேச்சி, கொற! ...கொறைச்சிட்டா புள்ள."

"இல்லீங்க, இன்னும் வருதுங்களே."

"அது ராசு ரேடியோ. டேய் ராசு! அந்தப் பக்கம் மாரியாயி வீட்டு ரேடியோ. அதுக்கு அங்குட்டும் இருக்கு. நான் எத்தனை ஊட்டுக்குப் புள்ள ஓடுறது, இருபத்திரண்டு..."

தெய்வம்மா நிறுத்தினாள். குடை கை தாழ்ந்தது. மழை அவள் தலையில் விழுந்து ஆவியாகப் போயிற்று என்றால் அது கொஞ்சம்தான் மிகை.

"புள்ள. பக்கத்துல அந்தத் தம்பி இருக்காரா?"

"இருக்காருங்கம்மா."

"அவருகிட்டயே கேட்டுச் சொல்லு. ஒரு பூனைகூட இல்லாத லயத்துல, நான் யாரு யாரு ஊட்டு ரேடியோவ கொறைக்கச் சொல்லணும்?"

ணும்... ணும்... ணும்... என்றது மலை.  ரேடியோவில் ரெனிஷ் சொல்வது தூரமாகக் கேட்டது: "கட் பண்ணுங்க, லைனைக் கட் பண்ணுங்க."

"இருங்க சார்" என்றாள் ஜெபிஷா. "கேக்கறோம்னு பேரு வெச்சிருக்கோம்ல. அம்மா, நீங்க பேசுங்க."

"பேசுறேன்" என்றாள் தெய்வம்மா. லயத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் ரேடியோவ ஏத்துங்க! ஏத்துங்கடி! இன்னைக்குப் பெரட்டு நான் போடுறேன். பேர் சொன்னா பதில் வரணும். பேச்சியம்மா!"

"இருக்கேன்!"

"ராசு!"

"இருக்கேன்!"

"மாரியாயி!"

"இருக்கேண்டி, எங்க போவேன்!"

ஒவ்வொரு பேருக்கும் ஒரு வாய் சொல்ல, இருபத்திரண்டு ரேடியோ வழிமொழிந்தது. ஒன்று இருபத்து மூன்றாகி, மலை அதை நாற்பத்தாறாக்கியது. பெரட்டில் ஐம்பது வருஷம் பதில் சொன்ன வாய்கள் அவை. விடிகாலைக் குளிரில், காய்ச்சலில், பிள்ளை பெற்ற இருபதாம் நாளில், பேர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத வாய்கள். கடைசிப் பேரைச் சொல்லுமுன் தெய்வம்மா தண்ணித் தொட்டியை ஓங்கி ஒரு உதை உதைத்தாள். கோபத்தில்தான்.

"செல்லையா!"

செல்லையா 'இரு' என்றார். 'க்கேன்' வரவில்லை, இருமல் வந்தது. நெஞ்சுக்குள் முப்பத்தோரு வருஷத் தூள் புரள்கிற இருமல். அது இருபத்திரண்டு வாசலிலும் இருமியது, கூடலூரில் இருமியது, ரெனிஷ் உட்கார்ந்திருந்த அறையிலேயே அவர் காதோரத்தில் இருமியது.

"இதுதான் தம்பி அந்தப் பூனை" என்றாள் தெய்வம்மா. "பதினாலு நாளா இதுக்குக் கரண்டு இல்ல. பெரட்டு முடிஞ்சிருச்சு."

முடியவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுக்குமுன், கூரைக்கு மேலேயிருந்தா, மலையிலிருந்தா என்று தெரியாமல், கனமான ஆம்பளைக் குரல் ஒன்று யாரும் கூப்பிடாமலே பதில் சொன்னது: "இருக்கேனுங்க!"

எண்ணிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு பேரும் சொல்லியாயிற்று. இது இருபத்து மூன்றாவது. லயத்து ஆட்கள் யாரும் 'ங்க' போட்டுப் பதில் சொல்வதில்லை. மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "லயமே சொல்லுதுடி." அந்தச் செய்தி மழையை முந்திக்கொண்டு ஓவேலி முழுக்க இறங்கிற்று.

தெய்வம்மா கம்பத்தைப் பார்த்தாள். ஏணி சாய்ந்து நின்றது. மேலே ஆள் இல்லை, ஒயர் அறுபடாமல் அப்படியே இருந்தது.

எஸ்டேட் ஆபீஸ் மறுநாளே எழுதிப் போட்டது. அது முழுக்கப் பித்தலாட்டம், ஒரே ஒரு பெண் வெளி ஆட்களைக் கூட்டிவந்து சத்தம் போட வைத்தாள், கரண்டே இல்லாத இடத்தில் ரேடியோ எப்படிப் பாடும்? மூக்கம்மா கடையில் சில்வஸ்டரும் அதையேதான் சொன்னார். மூலையில் செல்லையா புகை பிடித்துக்கொண்டிருந்தார்.

"லயமாவது, பேசறதாவதுங்க. நான் அன்னைக்கு ஃபேக்டரில இருந்தேனுங்க. எனக்கொண்ணும் கேக்கலை."

"ஃபேக்டரிலயா?" தெய்வம்மா டம்ளரை வைத்த வேகத்தில் பெஞ்சு நடுங்கியது. "ஏணி?"

"எந்த ஏணிங்க்கா?"

"லயத்துக்குப் பின்னால மழையில ஊறிக்கிட்டு நிக்கிற ஏணி. கரடிச்சோலை ஃபேக்டரின்னு பெயின்ட்ல எழுதியிருக்கே, அது. காலு மொளைச்சு வந்துச்சா?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க்கா. குவார்ட்டர்ஸ் இருக்குது. என்னைய எதுக்குங்க இதுல இழுக்கறீங்க."

"ஒன் குவார்ட்டர்ஸு ஊடு. எங்க காம்பரா மட்டும் காடா? நீ பொய் சொல்றது எனக்குக் கோவம் இல்ல சில்வஸ்டரு. கேட்டுட்டுப் போயி சர்ச்சுல முட்டி போடுற பாரு, அதுதான் பத்திக்கிட்டு வருது."

செல்லையா மூடியைக் கொஞ்சம் தூக்கினார். "நீ எங்களை நம்பாட்டிப் பரவால்ல தோமா. ஏணி ஒன்ன நம்பி நிக்குது. அதையாவது... வந்து எடுத்துக்க."

சில்வஸ்டர் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

ரேடியோவில் வந்தது தாலுகா ஆபீஸ் காதுக்கும் எட்டியது. புதன்கிழமை விசாரிக்க ஆர்.ஐ. அம்மா வருவதாகத் தகவல். ரெனிஷ் சும்மா இருப்பாரா? புதன் விடிகாலையில் ஏழாம் நம்பர் லயத்து ஆட்கள் முழுவதையும் லாரியில் ஏற்றி, ஐந்து மைல் தள்ளிக் கோடி மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆர்.ஐ. அம்மா ஜீப்பில் வந்து இறங்கியபோது இருபத்தோரு கதவும் பூட்டு. கொடியில் ஒரு துணி இல்லை, அடுப்பில் புகை இல்லை. லீவு போட்ட தெய்வம்மாவும், நாற்காலியில் செல்லையாவும் மட்டும்.

"பாருங்க மேடம், இந்த ஒரு குடும்பம்தான் பிடிவாதம் பண்ணுது" என்றார் ரெனிஷ். "மத்தபடி ஆள் கிடையாது. ஃபியூஸ் எடுத்த எலெக்ட்ரீஷியனையே கூட்டி வந்திருக்கேன். கேட்டுக்குங்க."

தெய்வம்மா பேச வாயெடுத்தாள்.  பூட்டுகளைக் காட்டி என்ன சொல்வது? அவற்றுக்குப் பெரட்டு போட முடியாது. செல்லையாவின் மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு இந்த அம்மா எழுதிக்கொண்டு போகிற ஒரு வரியில்தான் அந்த விசில் இருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. அந்தக் கோபத்தை எடுத்து எறிய அங்கே இருந்தது சில்வஸ்டரின் முகம் ஒன்றுதான். அதைப் பார்த்தபடி நின்றாள்.

"சொல்லுங்க" என்றார் ஆர்.ஐ. அம்மா. "நீங்க ஃபியூஸ் எடுத்த அன்னைக்கு இங்க ஆள் இருந்தாங்களா?"

 சில்வஸ்டர் லயத்துக்குப் பின்னால் போனார். மூன்று நாள் மழையில் ஊறிய ஏணியை ஆட்டிப் பார்த்தார். பார்க்காமல் ஏறமாட்டார். ஏறினார். காக்கிப் பையிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"சில்வஸ்டர்! என்ன பண்றே? இறங்கு!" என்று கத்தினார் ரெனிஷ்.

முதல் கட்டை. இரண்டாம் கட்டை. மூன்றாவது உள்ளே போனதும் லயம் குதித்து எழுந்தது. கரண்டு போன நிமிஷத்தில் யார் சுவிட்சை அணைத்தார்கள்? பூட்டிய இருபத்தோரு கதவுக்குப் பின்னால் பல்பு எரிந்தது, ஃபேன் கறகறத்தது. பேச்சியம்மா வீட்டில் மிக்ஸி காலி ஜாரில் அலறியது. ராசு வீட்டு டி.வி.யில் யாரோ யாரையோ திட்டினார்கள். மாரியாயி வீட்டு டி.வி.யில் சாமி பாட்டு. காம்பராவுக்குள் செல்லையாவின் மெஷின், பாதியில் விட்ட 'உர்ர்'ரைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தது. தெய்வம்மா ஓடிப்போய் மூடியை அவர் மூக்கில் வைத்து அழுத்திவிட்டு, வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

ஆர்.ஐ. அம்மா பூட்டிய கதவுகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். ரெனிஷைப் பார்க்கவில்லை. ஏணியைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ரேடியோவுல வந்தது? அதுவும் நிஜமா?"

சில்வஸ்டர் ஏணி மேலேயே நின்றார். மழைத்தண்ணி மூக்கு நுனியில் சொட்டியது.

"நிஜமுங்க மேடம். இதே எடத்துலதான் நின்னேன். எண்ணாம எதையும் நம்பமாட்டேனுங்க, அதனால எண்ணுனேன். இருபத்திரண்டு பேரு இருக்கேன்னு சொன்னாங்க."

"இருபத்து மூணுன்னு ஊரே சொல்லுது" என்றாள் தெய்வம்மா. குரலில் இன்னும் நெருப்பு இருந்தது. "இருபத்து மூணாவது யாரு? சொல்லு."

"நானுங்க்கா" என்றார் சில்வஸ்டர். "பெரட்டுன்னீங்க. வாய் தானா சொல்லிருச்சு."